21-க்கும் 92-க்கும் நடுவே

புள்ளிவிவரமாகப் பேசுவோம் – 8

நாடு முழுவதையும் கேட்காமல், சில லட்சம் பேரை மட்டும் கேட்டு நாட்டைப் பற்றிப் பேசும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். மாதிரியைச் சரியாக எடுத்தாயிற்று. கணக்கெடுப்பாளர்களும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுத் திரும்பிவிட்டார்கள். இனி கணினியில் ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் சதவீதம் வந்து விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

விழும்தான். ஆனால், என்ன விழும் என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மனிதர்கள் சொன்ன பதிலை எந்த எண்ணாக மாற்றினோம் என்பது முதல் இடம். மாற்றிய எண்களை எந்த அளவையால் சுருக்கிச் சொல்கிறோம் என்பது இரண்டாவது இடம். பத்திரிகைத் தலைப்பாக வரும் சதவீதத்தின் தலையெழுத்து இந்த இரண்டு இடங்களில்தான் எழுதப்படுகிறது. இந்த வாரம் இரண்டையும் இந்தியப் பெண்களின் வேலைக் கணக்கை வைத்தே பார்த்துவிடுவோம்.

‘சும்மாதான் இருக்கா!’

செங்கம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பாளர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார்.

“ஐயா, வீட்டம்மா என்ன வேலை செய்யிறாங்க?”

“அவளா? வீட்ல சும்மாதான் இருக்கா சார்.”

அந்த அம்மா விடியற்காலையில் மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்திருப்பார். கொல்லையில் மல்லாட்டைக்குக் களை எடுக்கப் போயிருப்பார். அதனால்தான் திண்ணையில் அவர் இல்லை. பதில் சொல்ல அவர் கணவர் இருக்கிறார்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதை இரண்டு இலக்கக் குறியெண்ணாகப் பதிவார்கள். சொந்தத் தொழிலைத் தாமே நடத்துபவருக்கு 11. ஆள் வைத்து நடத்தினால் 12. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் கூடமாட உழைப்பவருக்கு 21. மாதச் சம்பளக்காரருக்கு 31. அன்றாடக் கூலிக்கு 51. வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு 81. படிப்பவருக்கு 91. வீட்டுவேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டுவேலையோடு வீட்டுத் தேவைக்கு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் சேகரிப்பவருக்கு 93. ஓய்வூதியம், வாடகை போன்ற வருமானத்தில் இருப்பவருக்கு 94.

கணவர் சொன்னதை அப்படியே எழுதினால் அந்த அம்மா 92. கணக்கெடுப்பாளர் இன்னும் நான்கு கேள்வி கேட்டால், “மாடு யார் பார்க்கிறது? பால் யார் ஊத்துறது? களை எடுக்க ஆள் வைக்கிறீங்களா, வீட்டு ஆளா?” என்று துருவினால், அவர் 21 ஆகிவிடுவார். 21 என்றால் நாட்டின் உழைக்கும் மக்கள்தொகையில் ஒருவர். 92 என்றால் அந்தக் கணக்குக்கு வெளியே. அவர் உழைப்பில் ஒரு மணி நேரம்கூடக் கூடவோ குறையவோ இல்லை.

உலையில் போட்டால் வேலை இல்லை

கணக்கெடுப்பாளர் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் தீராத சிக்கல் ஒன்று விதியிலேயே இருக்கிறது. சொந்த நிலத்தில் நெல் விளைவித்து, ஒரு மணிகூட விற்காமல் வீட்டுக்கே வைத்துக்கொண்டாலும் அது பொருளாதார நடவடிக்கைதான். அதே நெல்லை வீட்டுச் சாப்பாட்டுக்காகக் குத்தி, புடைத்து, அரிசியாக்கினால் அது வீட்டுவேலை. நெல் களத்திலிருந்து முற்றத்துக்கு வருவதற்குள் உழைப்பு கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும் என்பது உண்மைதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதும் உண்மை.

இன்னொரு கோடு நாட்களைப் பற்றியது. ஆண்டின் பெரும்பகுதியில் செய்தது முதன்மை நிலை. அதைத் தவிர, குறைந்தது 30 நாட்களாவது வேறு தொழில் செய்திருந்தால் அது துணை நிலை. முதன்மை நிலை 92 ஆக இருந்தாலும், நடவு, அறுவடைக் காலத்தில் 30 நாள் வயலில் இறங்கியிருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கில் அவர் தொழிலாளி. முதன்மை நிலையை மட்டும் எடுத்தால் இல்லை. அதே படிவம், அதே பெண், இரண்டு விடை.

இதை மனதில் வைத்துக்கொண்டு தலைப்புச் செய்தியைப் படியுங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 2017-18-இல் 23.3 சதவீதம். 2022-23-இல் 37 சதவீதம். முதன்மை, துணை நிலைகளைச் சேர்த்த கணக்கு இது. பெரிய ஏற்றம். உள்ளே போய்க் குறியெண்களைப் பார்த்தால், வேலை செய்யும் பெண்களில் 21-ஆம் எண்ணில் இருப்பவர்களின் பங்கு இதே காலத்தில் 31.7-இலிருந்து 37.5 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. கூலியில்லாமல் குடும்பத் தொழிலில் உழைப்பவர்கள் அவர்கள். புதிதாகப் பெண்கள் வயலுக்கும் கடைக்கும் வந்தார்களா, ஏற்கெனவே இருந்தவர்களைக் கணக்கு இப்போதுதான் கண்டுகொண்டதா? 37 என்ற எண் இதற்குப் பதில் சொல்லாது. கிடைத்த வேலையில் கூலி உண்டா என்பதையும் அது சொல்லாது.

குறியெண் என்றால் அலுவலகச் சமாசாரம் என்று ஒதுக்க முடியாது. 2010 ஜூலையில், விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நேரடியாகவே சாடினார். சுமார் 36 கோடிப் பெண்களை வேலை செய்யாதோர் என்று வகைப்படுத்தி, பிச்சை எடுப்போர், பாலியல் தொழிலாளர், கைதிகளோடு ஒரே தொகுப்பில் சேர்த்திருந்ததுதான் காரணம். படிவத்தில் ஒரு கட்டத்தைப் பகிர்ந்துகொண்டது, நீதிமன்றத்தில் மனித மதிப்பைப் பற்றிய வாதமாக வந்து நின்றது.

பட்டியல் இல்லாமல் போனால்

‘கட்டம் போட்டால்தானே வம்பு, மக்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டால் என்ன?’ என்று கேட்கலாம். 2011-இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் அதுதான் நடந்தது. சாதிப் பெயர்களுக்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் தயாரிக்கவில்லை. 1931 கணக்கெடுப்பில் 4,147 சாதிகள் இருந்த நாட்டில், இந்தக் கணக்கெடுப்பு 46 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதிப் பெயர்களைக் கொண்டுவந்து கொட்டியது. 2021-இல் மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இதைச் சொன்னது. மலபாரில் மாப்பிளா என்ற ஒரே பெயர் 40 விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகி 40 சாதிகளாகிவிட்டது என்பது அந்தப் பிரமாணப் பத்திரம் தந்த உதாரணம். அந்தச் சாதி விவரம் இன்றுவரை வெளியாகவில்லை.

2023-இல் பீகார் தன் சாதிக் கணக்கெடுப்பில் மறுபக்கம் போனது. 214 சாதிப் பெயர்கள், ‘மற்றவை’ ஒன்று, மொத்தம் 215 குறியெண்கள் என்று முதலிலேயே வகுத்துக்கொண்டது. அதனால்தான் அந்த ஆண்டே அக்டோபர் 2-ஆம் தேதி முடிவை வெளியிட முடிந்தது. ஆனால், பட்டியலில் 22-ஆம் எண் திருநர் சமூகத்துக்குத் தரப்பட்டிருந்தது. பாலினம் எப்படிச் சாதியாகும் என்ற கேள்வி பாட்னா உயர் நீதிமன்றம்வரை போனது. 2027-இல் வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப்போகிறார்கள். கேள்வியைவிடக் குறியெண் பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதைத்தான் நாம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

நல்ல பட்டியலுக்கு இலக்கணம் எளிது. எந்தப் பதிலுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். எந்தப் பதிலுக்கும் இரண்டு இடம் இருக்கக் கூடாது. ‘மற்றவை’ வீங்கிக்கொண்டே போனால் பட்டியல் ஊருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ‘தெரியாது’, ‘சொல்ல மறுத்தார்’, ‘இவருக்கு இந்தக் கேள்வி பொருந்தாது’ ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண் வேண்டும். திறந்த பதில்களாக இருந்தால் ஒரே கட்டுப் படிவங்களை இருவர் தனித்தனியே குறியெண் இட்டு ஒப்பிட வேண்டும். 100-க்கு 90 ஒத்துப்போனால் பிரமாதம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இருவருமே 90 பேருக்கு 92 போடும் பழக்கம் உள்ளவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே சுமார் 82 ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்துவிட்டு ஒப்புமையை அளக்க ஜேக்கப் கோஹன் 1960-இல் ‘கப்பா’ என்ற அளவையைத் தந்தார். அதன்படி இந்த 90-இன் மதிப்பு ஏறத்தாழ 0.44தான். ஒன்று என்றால் முழு ஒப்புமை. இது பாதிகூட இல்லை.

எண் வேடத்தில் வரும் பெயர்கள்

சரி, குறியெண் போட்டாயிற்று. இப்போது கோப்பு முழுக்க எண்கள். கணினிக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். எதற்கும் சராசரி போட்டுக் கொடுக்கும். 21-க்கும் 92-க்கும் சராசரி 56.5 என்று சொல்லும். சென்னையில் 21ஜி, 29சி பேருந்துகளின் சராசரி 25 என்று சொன்னால் எவ்வளவு அர்த்தம் இருக்குமோ, அவ்வளவுதான் இதிலும் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் அளவைகளை நான்காகப் பிரித்தது இதற்காகத்தான். சாதி, மதம், தொழில் போன்றவற்றில் எண் வெறும் பெயர். அங்கே எத்தனை பேர், எத்தனை சதவீதம், எந்த வகை அதிகம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘மிகவும் திருப்தி, திருப்தி, அதிருப்தி’ போன்றவற்றில் வரிசை உண்டு. படிகளுக்கு இடையே தூரம் சமமா என்பது தெரியாது. அங்கே நடுவில் நிற்பவர் யார் என்று பார்க்கும் இடைநிலை அளவு பொருந்தும். வெப்பநிலை போன்றவற்றில் இடைவெளி சமம், பூஜ்யம் மட்டும் நாம் வைத்தது. வயது, வருமானம், நேரம் ஆகியவற்றில் பூஜ்யமும் உண்மையானது. இந்த இரண்டில்தான் சராசரிக்கு உரிமை உண்டு.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவுக் கோப்பில், குழந்தையின் உயரம் வயதுக்கான தரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை நூறால் பெருக்கி வைத்திருப்பார்கள். மைனஸ் 1.5 என்பது மைனஸ் 150. நம்ப முடியாத அளவீடுகளுக்கு 9998 என்று அடையாளம் போட்டிருப்பார்கள். 99 குழந்தைகளுக்கு மைனஸ் 150, ஒரே ஒரு குழந்தைக்கு 9998 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள எண்ணை நீக்காமல் சராசரி போட்டால் மைனஸ் 0.49 வரும். வளர்ச்சியில் பின்தங்கிக் கிடக்கும் ஒரு கிராமம் ஒரே ஒரு கட்டத்தால் ஏறக்குறைய ஆரோக்கியமான கிராமமாகிவிடும்.

மூன்றும் சரி

இப்போது மீண்டும் வீட்டுவேலைக்கு வருவோம். 92 என்று ஒதுக்கிவிட்ட உழைப்பை அளக்க 2019-இல் தேசிய அளவில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. முந்தைய நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை என்னென்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டார்கள். 6 வயது முதல் எல்லோரும் கணக்கில் உண்டு.

கூலியில்லா வீட்டுவேலையில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று முடிவு வந்தது. ‘பெண்கள் மூன்று மடங்கு’ என்று செய்தி வந்தது. ஆண் தினமும் ஒன்றரை மணி நேரம் வீட்டுவேலை செய்கிறான் என்று படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அப்படி அந்தக் கணக்கு சொல்லவில்லை. அது அன்றைக்கு வீட்டுவேலை செய்தவர்களின் சராசரி. செய்த பெண்கள் 81.2 சதவீதம். செய்த ஆண்கள் 26.1 சதவீதம். செய்யாதவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்துக்கொண்டால் பெண்ணுக்கு சுமார் 243 நிமிடம், ஆணுக்கு சுமார் 25 நிமிடம். மூன்று மடங்காக இருந்த இடைவெளி பத்து மடங்கை நெருங்குகிறது. ஆண்களை வீட்டுவேலை நேரப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், அவர் சொல்லும் விடை பூஜ்யம். நூற்றில் 74 பேர் அன்று எதுவுமே செய்யாதபோது நடுவில் நிற்பவரும் செய்யாதவராகத்தானே இருப்பார்?

97, 25, பூஜ்யம். மூன்றும் ஒரே தரவு. கணக்கில் மூன்றும் சரி. வீட்டுவேலையில் இறங்கிய ஆண் எவ்வளவு நேரம் செய்கிறான் என்று கேட்டால் 97 சரியான பதில். ஆண்களின் மொத்த உழைப்பைப் பெண்களின் உழைப்போடு ஒப்பிட 25. வழக்கமான ஆண் எப்படி என்று கேட்டால் பூஜ்யம். கேள்வியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதில்தான் தவறு ஆரம்பிக்கிறது. 2024-இல் மறுபடி எடுத்த கணக்கெடுப்பில் 289, 88 என்று வந்தது. அதுவும் செய்தவர்களின் சராசரிதான்.

எனவே, அடுத்த முறை ஒரு சர்வே முடிவு கண்ணில் பட்டால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இந்தப் பதில் எந்தக் கட்டத்தில் போடப்பட்டது? வகுத்த எண்ணில் யார் யார் இருக்கிறார்கள்? இது சராசரியா, நடுவில் நிற்பவரின் அளவா? மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் கேள்விப் படிவங்களும் குறியெண் பட்டியல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். அவற்றை வெளியிடாமல் சதவீதத்தை மட்டும் வெளியிடும் எந்தச் சர்வேயையும் நம்ப வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

(அடுத்த வாரம்: தேர்தல் கருத்துக்கணிப்பில் ‘பிழை வரம்பு’ என்றால் என்ன?)