தண்ணீரை அறிந்து கூலர் வாங்குவோம்



சென்ற பங்குனியில் என் மண்டிக்குச் சரக்கு எடுக்க வந்த சில்லறைக் கடைத் தம்பி ஒருவர், சிட்டையை நீட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, கடை வாசல்ல ஒரு வாட்டர் கூலர் வைக்கலாம்னு இருக்கேன். எந்த மாடல் வாங்கலாம்?"

"தாராளமா வைங்க தம்பி. உங்க கடைக்கு வர்றது எந்தத் தண்ணி?" என்றேன்.

"குழாய்ல வருது அண்ணாச்சி. எந்தத் தண்ணியா இருந்தா என்ன, மெஷின் சுத்தம் பண்ணிடும்லா?" என்றார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. சில வருடங்களுக்கு முன் நானும் அப்படி நினைத்துத்தான் பணத்தைக் கொட்டினேன். துவரம் பருப்பு வாங்கப் போனால் ஒரு கைப்பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, கடித்துப் பார்த்து விலை பேசுகிற நாம், தண்ணீர் விஷயத்தில் மட்டும் சரக்கைப் பார்க்காமல் சாக்குக்கு விலை கொடுக்கிறோம். நான் பட்டதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டு கண்ணாடி டம்ளர் வித்தை

ஒரு நாள் விற்பனையாளர் ஒருவர் கடைக்கு வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதந்தது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "அண்ணாச்சி, இதைத்தான் இத்தனை நாள் குடிச்சீங்க" என்றார். வாடிக்கையாளர்கள் வேறு வேடிக்கை பார்த்தார்கள். அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பின்னர் பள்ளியில் வேதியியல் நடத்தும் உறவினர் ஒருவர் சொல்லித்தான் விவரம் புரிந்தது. தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால்தான் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துத் துருவாகிறது. அந்தப் பழுப்பு தண்ணீரின் அழுக்கு அல்ல, கம்பியின் துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கம்பி அரிக்கவில்லை. நம் கடையில் உள்ள தூத்துக்குடி உப்பில் ஒரு சிட்டிகையை அந்தத் தெளிந்த டம்ளரில் போட்டுவிட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இனி யாராவது உங்கள் கடைக்கு இந்த வித்தையோடு வந்தால் இதைச் செய்து பாருங்கள்.

பிறகு சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். எங்கள் குழாய்த் தண்ணீர் 240 காட்டியது. அந்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை.

டி.டி.எஸ். என்றால் என்ன?

தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவே டி.டி.எஸ். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500, 2012-ம் ஆண்டுப் பதிப்பு) குடிநீரில் இது 500-க்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம். கடினத்தன்மைக்கு அளவு 200, குளோரைடுக்கு 250.

தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் குறைந்தது. ஆனால் நம் பகுதியிலேயே கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீரில் உவர் ஏறும். உப்பளங்கள் உள்ள ஆறுமுகநேரிப் பக்கம், ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் எல்லாம் போர் போட்டால் என்ன தண்ணீர் வரும் என்று நமக்குத் தெரியும். ஆகவே ஏரல் பஜாரில் உள்ள கடைக்குப் பொருத்தமான மெஷின் கடற்கரை ஊர்க் கடைக்குப் பொருந்தாது. அடுத்த கடைக்காரர் வாங்கினார் என்று நாமும் வாங்கக்கூடாது.

இன்னொன்றும் முக்கியம். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. 50 காட்டும் தண்ணீரிலும் காலராக் கிருமி இருக்கலாம். கிருமிக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

எந்த வடிகட்டி எதைப் பிடிக்கும்?

நம் கடையில் ரவைக்கு ஒரு சல்லடை, மாவுக்கு ஒரு சல்லடை வைத்திருக்கிறோம். அப்படித்தான் இதுவும்.

மண் வடிகட்டி (செடிமென்ட் ஃபில்டர்): மணல், சேறு, துரு ஆகியவற்றைப் பிடிக்கும். 5 மைக்ரான் அளவு சாதாரணமாகப் பயன்படுகிறது. எல்லா மெஷினுக்கும் முன்னால் இது இருக்க வேண்டும்.

கார்பன்: கரியின் நுண்துளைகள் குளோரின் வாடை, நிறம், சில ரசாயனங்களை ஈர்த்துக்கொள்ளும். ருசி நன்றாக இருக்கும். ஆனால் குளோரின்தான் தண்ணீருக்குக் காவல்காரன். அவனை அனுப்பிவிட்டால் பிறகு தொட்டியில் தேங்கும் தண்ணீரில் கிருமி வளர இடமுண்டு.

கேண்டில்: பீங்கான் மெழுகுவத்தி போன்றது. நல்ல தரமான கேண்டில் பெரும்பாலான பாக்டீரியாக்களைத் தடுக்கும். வைரஸ் அதைவிடச் சிறியது, தப்பிவிடும். மின்சாரம் வேண்டாம், ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

யூ.எஃப்.: மெல்லிய குழல் சவ்வு. பாக்டீரியாவைத் தடுக்கும். மின்சாரம் இல்லாமலும் ஓடும். கரைந்த உப்பைக் குறைக்காது.

யூ.வி.: இது சல்லடை அல்ல, விளக்கு. புற ஊதாக் கதிர் கிருமியைச் செயலிழக்கச் செய்யும், உப்பைத் தொடாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் கதிர் ஊடுருவாது. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டு வாக்கில் சக்தி குறைந்துவிடும், மாற்ற வேண்டும்.

ஆர்.ஓ.: மிக நுண்ணிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளுவது. உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றைக் குறைக்க இதுவே வழி. 1960-ஐ ஒட்டி அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சவ்வை உருவாக்கிய இருவரில் ஒருவர் சீனிவாச சௌரிராஜன் என்ற இந்தியர் என்பது நமக்குப் பெருமை. ஆனால் சாதாரணமாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவு போகும். டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் இந்த வீணடிப்பைக் கண்டுதான்.

சுருக்கமாகச் சொன்னால், உப்புக் குறைந்த குழாய்த் தண்ணீருக்கு மண் வடிகட்டி, கார்பன், அதோடு யூ.வி. அல்லது யூ.எஃப். போதும். 500-க்கு மேல் ஏறிய போர் தண்ணீருக்கே ஆர்.ஓ. வாங்கினாலும் கழிவுத் தண்ணீரை வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் பிடித்து வைக்கலாம்.

குளிர்ச்சி வேறு, சுத்தம் வேறு

கூலர் தண்ணீரைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரில் கிருமி சாகாது, தூங்கும். ஜில்லென்று இருப்பதால் சுத்தம் என்று நம்பி நான் ஏமாந்தேன். ஆர்.ஓ. இருக்கிறதே என்ற தைரியத்தில் கூலர் தொட்டியை மாதக்கணக்கில் திறக்கவில்லை. கடையில் வேலை பார்த்த தம்பி மஞ்சள் காமாலையில் படுத்தபோதுதான் திறந்து பார்த்தேன். உள்ளே விரலால் வழிக்கும் அளவுக்குக் கொழகொழவென்று பாசி. அந்தத் தம்பிக்கு நோய் இதனால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது மாதம் இருமுறை கழுவுகிறோம். 80 லிட்டர் தொட்டிக்கு, 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 15 கிராம். தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட்டு, நிறையத் தண்ணீர் நிரப்பி, குழாய்கள் வழியாகவும் சிறிது ஓடவிட்டு, அரை மணி நேரம் ஊற வைத்து வடித்துவிட வேண்டும். பிறகு வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பிரித்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது என்பது நமக்குத் தெரிந்ததே.

எவ்வளவு பெரிய கூலர்?

கூலரில் 40/80 என்று போட்டிருந்தால், மணிக்கு 40 லிட்டர் குளிர வைக்கும், தொட்டி 80 லிட்டர் பிடிக்கும் என்று பொருள். கணக்குப் போடுவது எளிது. கடையில் 6 பேர் என்றால் ஆளுக்கு இரண்டரை லிட்டர் வீதம் 15 லிட்டர். 100 வாடிக்கையாளர் ஆளுக்குக் கால் லிட்டர் குடித்தால் 25 லிட்டர். மொத்தம் 40 லிட்டர். இதற்குக் கேன் கவிழ்க்கும் டிஸ்பென்சரே போதும். அதிலும் கம்ப்ரசர் உள்ளதாகப் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் இல்லாத மலிவு ரகம் நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. 15 லோடுமேன், 200 பேர் வந்துபோகும் மண்டிக்கு நாளைக்கு 90 லிட்டர் ஆகும். அங்கே 20/40 போதுமானது. சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குக் கூட்டம் வரும் நாட்களைக் கணக்கிட்டுப் பெரிய கூலர் வாங்க வேண்டாம். அந்த நாட்களுக்கு வெட்டிவேர் போட்ட மண்பானை தண்ணீர்ப் பந்தலே அழகு.

தொட்டி 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா, கையை விட்டுக் கழுவ முடியுமா என்று பாருங்கள். மின் செலவுக்கு வாட் அளவைப் பாருங்கள். 500 வாட் மெஷினில் கம்ப்ரசர் நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் 3 யூனிட். வடிகட்டி, விளக்கு, சவ்வு ஆகியவற்றின் வருடச் செலவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

கேன் தண்ணீர் விற்கும் உறுப்பினர்கள் கவனிக்க: 2024 அக்டோபரில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக் கட்டாயத்தை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீக்கியது. அடுத்த மாதமே பாட்டில், கேன் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது. எனவே உரிம எண், நிரப்பிய தேதி பார்த்து வாங்குங்கள். கேனை வெயிலில் அடுக்காதீர்கள்.

வெள்ளம் கற்பித்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரல் பஜாருக்குள் புகுந்தது. பாலத்தின் இணைப்புச் சாலை அடித்துச் செல்லப்பட்டது. பருப்பு மூட்டைகள் ஊறி வீணானதைப் பார்த்து அழாத மண்டிக்காரர் இல்லை. அந்த நாட்களில் சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. மின்சாரம் போனதால் ஆர்.ஓ.வும் யூ.வி.யும் வெறும் பெட்டிகளாக நின்றன. கைகொடுத்தவை குளோரின் மாத்திரையும் காய்ச்சிய தண்ணீரும்தான். ஆகவே எந்த மெஷின் வைத்திருந்தாலும் கடையில் ஒரு கேண்டில் ஃபில்டரும் குளோரின் மாத்திரையும் இருக்கட்டும்.

வெள்ளம் வடிந்தபின் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். கூலரைத் துடைத்து வெயிலில் காயவைத்து, எலக்ட்ரீஷியனுக்குக் காத்திராமல் பிளக்கைச் சொருகினேன். எங்கள் லோடுமேன் குழாயைத் தொட்டதும் மின்சாரம் தூக்கி எறிந்தது. கடவுள் புண்ணியத்தில் உயிர் பிழைத்தார். பார்த்தால் எர்த் கம்பி துருவேறி அறுந்து கிடந்தது. ஈரக்கையும் ஈரத்தரையுமாக வந்து தொடுகிற மெஷின் இது. சரியான எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத கூலரைக் கடை வாசலில் வைப்பது பாவம். தாகத்துக்கு வருகிறவர் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பஜாரின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் தண்ணீர் எடுத்து ஒரே தடவையில் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைச் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டலாம். தனித்தனியே செலவழிப்பதைவிட இது மலிவு. தம்பிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: முதலில் மீட்டரும் பரிசோதனைச் சீட்டும், அடுத்து எர்த், கடைசியில் கூலர். அவர் தண்ணீர் 310 காட்டியது. ஆர்.ஓ. இல்லாத கூலர் வாங்கினார். மிச்சமான பணத்தில் ஆர்.சி.சி.பி. போட்டார்.