நிறைவெண் ஒப்பீடும் தொகுப்பியின் உகப்பாக்கலும்

கணனிக்கென எழுதப்படும் செய்நிரல், எழுதியவரின் சொற்களிலேயே பொறியைச் சென்றடைவதில்லை. இடையில் நின்று அதனைப் பொறியின் அறிவுறுத்தல்களாகப் பெயர்த்துக் கொடுப்பது தொகுப்பி எனப்படும் பிறிதொரு செய்நிரலாகும். தொகுப்பியை வெறும் பெயர்ப்பாளனாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதே விடையைக் குறுகிய வழியிற் பெறமுடியுமெனக் கண்டால், எழுதியவரைக் கேளாமலே அது பாடத்தை மாற்றிவிடும். இம்மாற்றத்தையே உகப்பாக்கல் என்பர். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் மூலபாடத்தைத் 'திருத்த' முற்படும்போது எழும் வினாக்கள் பலவும் இங்கும் எழுகின்றன. இக்கட்டுரை அத்தகைய மாற்றங்களுள் மிகச் சிறியதொன்றை, அதாவது இரு நிறைவெண்களுள் எது பெரிதென வினவும் ஒப்பீட்டைச் சுருக்குவதை எடுத்துக்கொண்டு, மதிப்பாய்வாளர் அதில் நோக்கவேண்டியது யாது என விளக்க முற்படுகின்றது.

செய்நிரலொன்றில் 'க + 100 < 50' என்னும் சமனிலி வருவதாகக் கொள்வோம். இருபுறமும் 100ஐக் கழித்து 'க < −50' என எழுதினால் ஒரு கூட்டல் மிச்சமாகும். இது பாடசாலை மாணவரும் அறிந்த விதி. ஒரு கூட்டல் அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் அவ்வொப்பீடு கோடிக்கணக்கான தடவைகள் சுழலும் ஒரு மடக்கினுள் இருப்பின் மிச்சமாகும் நேரம் அற்பமன்று. ஆகவே இம்மாற்றத்தை ஏற்றுக்கொள்ளலாமா?

அவ்வாறே ஏற்றல் தவறு. பாடசாலையின் எண்கோடு இருபுறமும் முடிவின்றி நீள்வது. பொறியின் எண்களோ வட்டத்தில் அமைந்தவை. 8 பிற்று அகலமுள்ள பதிவகத்தில் இரண்டின் நிரப்பி முறையில் −128 முதல் 127 வரையான 256 எண்களே அடங்கும். 127உடன் 1ஐக் கூட்டினால் −128 வரும். 'க' 100 ஆயின், 100ஐக் கூட்ட 200 வரவேண்டிய இடத்தில் −56 நிற்கும். −56 < 50 என்பது மெய். மாற்றியெழுதிய வடிவமோ 100 < −50 எனக் கேட்டுப் பொய் என்னும். ஒரே வினாவுக்கு இரு விடைகள்!

மணிக்கூட்டு முகத்தை எண்ணிப் பார்த்தால் காரணம் புலப்படும். கூட்டல் என்பது இங்கு முள்ளைச் சுழற்றுதலே. வெவ்வேறு மணிகளைக் காட்டும் இரு முட்களை ஒரே அளவு சுழற்றினால் அவை வேறுபட்டே நிற்கும். ஒன்றியிருந்தவை ஒன்றியே நிற்கும். எனவே 'க + 100 = 50' என்பதனை 'க = −50' என மாற்றுதல் எப்போதும் செல்லும். ஆனால் 11 மணி முந்தியதா, 2 மணி முந்தியதா என்பதற்கு வட்டத்தில் விடையில்லை. வட்டத்தை எவ்விடத்தில் வெட்டி நீட்டுகின்றோம் என்பதைப் பொறுத்தே அது அமையும். சமத்துவம் சுழற்சியிற் பிழைக்கின்றது, வரிசை பிழைப்பதில்லை. (பெருக்கலிலோ சமத்துவமும் பிழைப்பதில்லை: 8 பிற்றில் 64இன் இருமடங்கும் −64இன் இருமடங்கும் −128 என்னும் ஒரே எண்ணாகும்.)

எனவே இம்மாற்றம் செல்லவேண்டுமாயின், 'இக்கூட்டல் எல்லையைக் கடந்து வழியாது' என்னும் வாக்குறுதி தேவை. எல்.எல்.வி.எம். போன்ற தொகுப்பித் தொகுதிகளில் இவ்வாக்குறுதி கூட்டல் அறிவுறுத்தலுடன் ஒரு குறியாக இணைந்து வரும். மதிப்பாய்வாளர் முதலில் தேடவேண்டியது அதனையே. வாக்குறுதி இருந்தும் தவறு நேர்வதுண்டு. 'க + 100 < −100' என்பதை எடுத்துக்கொள்க. −100இலிருந்து 100ஐக் கழிக்க −200 வரும். அது 8 பிற்றில் அடங்காது சுழன்று 56 ஆகிவிடும். 'க < 56' என எழுதிவிட்டால் முழுப் பிழை. கூட்டல் வழியாதெனின் அதன் மிகச் சிறிய பெறுமானம் −28 ஆதலால், உரிய விடை எப்போதும் பொய் என்பதே.

வட்டத்தின் இயல்பைத் தடையாகவன்றித் துணையாகக் கொள்ளும் மாற்றமும் உண்டு. 0 முதல் 9 வரையான இலக்கங்களுக்கு ஆஸ்கி முறையில் 48 முதல் 57 வரையான குறியெண்கள் வழங்குகின்றன. ஓர் எழுத்து இலக்கமா என அறிய, 48க்குக் குறையாததா, 57ஐ மிகாததா என இரு ஒப்பீடுகள் எழுதுவோம். தொகுப்பி அதிலிருந்து 48ஐக் கழித்து, விடையைக் குறியற்ற எண்ணாக, அதாவது 0 முதல் 255 வரையானதாக வாசித்து, 9ஐ மிகாததா என ஒருமுறையே கேட்கும். 40 வந்தால் −8 ஆகி 248 என வாசிக்கப்பட்டு விலக்கப்படும். 65 வந்தால் 17 ஆகி விலக்கப்படும். கீழெல்லை மேலெல்லையை மிகாதிருந்தாற் போதும். வேறெவர் வாக்குறுதியும் வேண்டியதில்லை. இத்துறையின் அழகிய மாற்றங்களுள் இதுவொன்று என்பது என் கருத்து.

வாக்குறுதியை நம்பும் மாற்றங்களுக்கு மீள்வோம். அவ்வாக்குறுதியை அளித்தவர் யார்? சீ மொழிக்கு 1989ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நியமம், குறியுள்ள நிறைவெண் எல்லை கடந்தால் நிகழ்வது யாதென வரையறுக்கவில்லை. அக்காலத்தில் யூனிவாக் 1100 வரிசை போன்று ஒன்றின் நிரப்பி முறையைக் கையாண்ட பொறிகளும் இருந்தமையால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விளைவை விதித்தல் எளிதன்று. தொகுப்பியை ஆக்குவோர் பின்னர் இவ்விடைவெளியை 'வழிதல் நிகழாதென எழுதியவர் உறுதியளித்துள்ளார்' எனப் பொருள்கொண்டனர். எழுதியவருட் பெரும்பாலோர் அத்தகைய உறுதியை அளித்ததாக அறியவேமாட்டார்.

2007ஆம் ஆண்டு ஜனவரியில் ஜீ.சீ.சீ. தொகுப்பி பற்றி ஒரு முறைப்பாடு எழுந்தது. 'அ + 100 > அ' எனச் சோதித்து, வழிதல் நேர்ந்தால் செய்நிரலை நிறுத்துமாறு ஒருவர் எழுதியிருந்தார். வழிதல் நிகழாதெனின் அச்சோதனை எப்போதும் மெய்யாதலால் தொகுப்பி அதனை முற்றாக நீக்கிவிட்டது. 2147483647 கொடுக்கப்பட்டபோது செய்நிரல் நில்லாமல் −2147483549 என்னும் விடையுடன் தொடர்ந்தது. காவலாளி எப்போதும் 'ஆபத்தில்லை' என்றே சொல்வான் எனத் தீர்மானித்து அவனையே வேலையிலிருந்து நீக்கியதற்கு இது ஒப்பாகும். நியமத்தின்படி இது தொகுப்பியின் பிழையன்று எனக் கூறி முறைப்பாடு தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சேர்ட் நிலையம், முகவரிக் கணிப்பில் இவ்வாறான காப்புச் சோதனைகள் மறைந்துபோகலாமென எச்சரிக்கை வெளியிட்டது. நினைவகத்தின் எல்லையைக் காக்கும் சோதனை மறையுமிடத்து, அந்நியர் உட்புக வழி திறக்கின்றது.

சட்டத்தின் சொல்லை நோக்கின் தொகுப்பியினர் பக்கம் நியாயமுண்டு; 64 பிற்று முகவரிகளை 32 பிற்று எண்ணியாற் சுட்டும் மடக்குகளில் இவ்வாக்குறுதியால் உண்மையான விரைவும் கிடைக்கின்றது. எனினும் பயனை அளந்தவர்கள் இழப்பை அளந்தார்களா என்னும் ஐயம் எனக்கு நீங்கவில்லை. 2024இல் வெளியான சீ நியமம் இரண்டின் நிரப்பி முறையையே கட்டாயமாக்கியது. பழைய காரணங்களுள் ஒன்று அத்துடன் மறைந்தது. வழிதல் மட்டும் இன்றும் வரையறுக்கப்படாததாகவே உள்ளது. ஜாவா மொழியோ தொடக்கத்திலிருந்தே எண் சுழலுமென வெளிப்படையாக விதித்துள்ளது.

மாற்றம் சரியானதா எனப் பார்த்தல் கண்ணுக்கு மட்டும் விடக்கூடிய வேலையன்று. 8 பிற்றில் ஒரு மாறியையும் இரு மாறிலிகளையும் எடுத்தால் உள்ளவை 16,777,216 நிலைகளே. அனைத்தையும் இன்றைய கணனி சில வினாடிகளிற் சோதித்துவிடும். 32 பிற்றில் இது இயலாதாகையால் தருக்க முறை நிறுவல் வேண்டப்படுகின்றது. நூனோ லோப்பஸ், டேவிட் மெனென்டஸ், சந்தோஷ் நாகரக்கட்டே, ஜோன் ரெகர் ஆகியோர் 2015இல் வெளியிட்ட 'அலைவ்' என்னும் முறை இத்தகையது. எல்.எல்.வி.எம். இலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட மாற்றங்களை அவர்கள் அதில் எழுதிப் பார்த்தபோது எட்டுப் பிழையானவையெனக் கண்டனர். அனுபவமிக்கோர் பார்த்து ஏற்றுக்கொண்டவை அவை.

நிறுவற் கருவி ஆராய்வது, வாக்குறுதி உண்டெனக் கொண்டால் மாற்றம் செல்லுமா என்பதையே. வாக்குறுதியை எழுதியவர் உண்மையில் அறிந்து அளித்தாரா என்பது அதன் வினாவன்று. ஆகவே சோதனையை எழுதுபவர் கூட்டிய பின் வினவாது, கூட்டுமுன்னரே 'அ > 2147483647 − 100' என வினவுதல் வேண்டும். அவ்வடிவத்தில் எதுவும் வழிவதில்லை. ஆதலால் தொகுப்பிக்கு அதனை நீக்க இடமுமில்லை.