த பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்

த பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ் என்பது அமெரிக்க எழுத்தாளர் சுசான் காலின்ஸ் எழுதிய ஆங்கிலப் புதினம் ஆகும். 2008 முதல் 2010 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த த ஹங்கர் கேம்ஸ் தொடருக்கு முன்கதையாக இது 2020 மே 19 அன்று வெளியானது. இருண்ட எதிர்காலத்தைச் சித்தரிக்கும் புனைவு வகையைச் சேர்ந்தது. முதல் வாரத்திலேயே வட அமெரிக்காவில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

கதைக்களம்

மூலத் தொடரில் கொடுங்கோல் ஆட்சித் தலைவனாக வரும் கோரியோலேனஸ் ஸ்நோவின் 18ஆம் வயதில் நிகழும் கதை இது. போரினால் வறுமையுற்ற உயர்குடியில் பிறந்த ஸ்நோ, சிறுவர் சிறுமியர் ஒருவரையொருவர் கொல்லும் பத்தாவது பசிப் போட்டியில், 12ஆம் மாவட்டத்துப் பாடகியான லூசி கிரே பேர்டுக்கு வழிகாட்டியாக அமர்த்தப்படுகிறான்.

வாசகர் கருத்துகள்

நூலைப் பற்றிய சர்ச்சை அது வெளிவரும் முன்பே தோன்றிவிட்டது. 2020 சனவரியில் ஒரு பகுதி முன்னோட்டமாக வெளியானபோதுதான் கதைத்தலைவன் ஸ்நோ என்பது தெரியவந்தது. எளிய மக்களின் எழுச்சியைப் பாடிய தொடரில் ஒடுக்கியவனுக்கு இரக்கம் தேடுவதா என இரசிகர் பலர் சினந்தனர்.

நூலைப் படித்தோரில் ஒரு சாரார் இவ்வச்சம் வீணானது என்றனர். இதற்கு அவர்கள் காட்டும் சான்று கதை சொல்லும் முறையாகும். மூலத் தொடரைக் காட்னிஸ் தன்கூற்றாகச் சொல்கிறாள். வாசகர் அவள் பக்கம் நின்றே அனைத்தையும் காண்கின்றனர். முன்கதையோ படர்க்கையில் அமைந்தது. ஸ்நோவின் எண்ணங்கள் யாவும் தெரிகின்றன, ஆயினும் அவனுக்கும் வாசகருக்கும் இடையே ஓர் இடைவெளி நிலைக்கிறது. லூசி கிரேயைத் தன் உடைமையாகவே அவன் கருதுவதும், நண்பன் செஜானஸைக் காட்டிக்கொடுத்துவிட்டு அதற்கு நியாயம் தேடுவதும் அந்த இடைவெளியில்தான் புலப்படுகின்றன. பசியும் வறுமையும் அவனது செயலை விளக்குகின்றனவே தவிர மன்னிக்கவில்லை என்பது இவர்கள் வாதம். நூலின் அமைப்பு இதற்கே வலுச் சேர்க்கிறது எனலாம்.

மறுசாரார், பிற்காலக் கொடுமைகள் அனைத்தையும் ஓர் இளமைக் காதலின் முறிவோடு பிணைத்தது ஸ்நோவைச் சிறுமைப்படுத்துகிறது என்றனர். மூன்றாம் பகுதி மெதுவாகச் செல்கிறது, முடிவு மட்டும் திடுமென விரைகிறது என்பது இரு தரப்பிலும் கேட்கப்படும் குறை. பாடல்கள் மிகுதி என்போரும் உளர். காட்டில் மறைந்த லூசி கிரே பிழைத்தாளா என்பதை நூலாசிரியர் சொல்லாமல் விட்டது இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. வேர்ட்ஸ்வொர்த்தின் லூசி கிரே என்னும் கவிதையிலும் சிறுமி பனியில் காணாமற் போகிறாள் என்பதால், இம்மௌனம் திட்டமிட்டதே.

திரைப்படம்

பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கத்தில் 2023 நவம்பரில் திரைப்படமாக வெளியானது. ஸ்நோவாக டாம் பிளைத்தும் லூசி கிரேயாக ரேச்சல் செக்லரும் நடித்தனர். ஸ்நோவின் உள்ளக்குரல் படத்தில் இல்லாததால், அவன் உண்மையிலேயே காதலித்தான் என்று படத்தை மட்டும் பார்த்தவர்கள் எளிதில் நம்பிவிடுவதாக நூலின் வாசகர்கள் சுட்டுகின்றனர்.