நடுவனின் கதவைத் தட்டும் கைம்பெண்

நற்செய்தியாளர் லூக்கா எழுதிவைத்த உவமை ஒன்றை நம் பங்கு மக்கள் அனைவரும் அறிவர். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவன் ஒருவன். அவனிடம் நியாயம் கேட்டு நாள்தோறும் வந்து நிற்கும் ஏழைக் கைம்பெண் ஒருத்தி. அவளிடம் பணமில்லை, அவளுக்காகப் பரிந்து பேச ஆளில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் ஓயாத குரல் ஒன்றே. அக்குரலின் தொல்லை தாங்க மாட்டாமல் நடுவன் இறுதியில் அவளுக்கு நியாயம் வழங்கினான்.

மனந்தளராது செபிக்க வேண்டும் என்பதற்காகவே ஆண்டவர் இவ்வுவமையைச் சொன்னார் என்று மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அது உண்மையே. ஆயினும் ஒன்றை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கைம்பெண் வீட்டில் அமர்ந்து கண்ணீர் வடித்ததோடு நின்றுவிடவில்லை. அதிகாரத்தின் வாயிலுக்கே சென்று நின்றாள்.

அவளைப் போலவே, பிலிப்பைன்ஸ் நாட்டுத் திருச்சபை நீண்ட காலமாக ஆட்சியாளர்களின் கதவைத் தட்டி வருகிறது. அது கேட்பது தனக்கு ஒரு சலுகையன்று. மாறிவரும் காலநிலையால் ஏழைகளின் உயிரும் உடைமையும் அழியாதபடி அரசுகள் செயல்பட வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

யோலாண்டா வந்த நாள்

2013ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அதிகாலை. உலகம் ஹையான் என்றும், பிலிப்பைன்ஸ் மக்கள் யோலாண்டா என்றும் அழைத்த புயல் சாமார் தீவின் கீவான் நகரில் கரையைத் தொட்டது. காற்றின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டியது. கீவானின் பழம்பெருமை வாய்ந்த அமலோற்பவ அன்னை ஆலயம் இடிந்து விழுந்தது. அடுத்திருந்த லேத்தே தீவில் பாலோ பேராலயத்தின் கூரை பறந்தது. டக்ளோபான் நகருக்குள் கடலே எழுந்து வந்தது.

அந்நகரத்தார் புயலுக்குப் புதியவர்கள் அல்லர். ஆண்டுதோறும் புயலைக் கண்டு பழகியவர்கள். 'புயல் அலை எழும்' என்று வானொலியும் தொலைக்காட்சியும் முன்கூட்டியே எச்சரித்தன. ஆனால் அச்சொல்லின் பொருள் பலருக்கு விளங்கவில்லை. 'சுனாமி போல வரும்' என்று சொல்லியிருந்தால் மேட்டுக்கு ஓடியிருப்போமே என்று பிழைத்தவர்கள் பின்னர் புலம்பினார்கள். 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறக்குறைய 40 இலட்சம் பேர் வீடிழந்து இடம் பெயர்ந்தனர். கரை திரும்பாத படகுகளுக்காகக் காத்திருந்து, ஒக்கிப் புயலின் கொடுமையை 2017இல் நேரில் கண்ட குமரிக் கடற்கரைப் பங்குகளுக்கு டக்ளோபானின் துயரத்தை விளக்க வேண்டியதில்லை.

புயல் இறைவனின் படைப்பில் என்றும் உள்ளதுதானே, இதில் மனிதனின் பங்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கரியமில வாயு வெளிப்பட்டுக் காற்றில் சேர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420 பங்குக்கும் மேல் உயர்ந்துள்ளது. இது போர்வைபோல் பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. அவ்வெப்பத்தின் பெரும்பகுதியைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரே புயலுக்கு உணவு. மேலும், காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைச் சுமக்க வல்லது. ஆகவே மழையும் கொட்டித் தீர்க்கிறது. கடல் மட்டமோ சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. உயர்ந்த கடலிலிருந்து எழும் புயல் அலை ஊருக்குள் இன்னும் ஆழமாகப் புகுகிறது. புயல்களை மனிதன் படைக்கவில்லை. ஆனால் அவற்றின் கையில் கூரிய வாளைக் கொடுத்தவன் மனிதனே.

இதில் உள்ள அநீதியைக் கவனியுங்கள். உலகம் வெளியேற்றும் வெப்ப வாயுக்களில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பங்கு நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. குற்றம் ஒரு வீட்டில். தண்டனை மறு வீட்டில்.

நடந்தே சென்ற தூதர்

யோலாண்டா வீசிய மூன்றாம் நாள் போலந்தின் வார்சா நகரில் ஐக்கிய நாடுகளின் காலநிலை மாநாடு தொடங்கிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் தூதுக்குழுத் தலைவர் நாதெரெவ் சான்யோ எழுந்து பேசினார். அவ்வேளையில் அவருடைய சகோதரர் டக்ளோபானில் தம் கைகளாலேயே பிணங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். உறவினர் பலரின் நிலை இன்னும் தெரியவில்லை. பேசுகையில் அவர் கண்ணீர் வடித்தார். பயனுள்ள முடிவு கண்ணுக்குத் தெரியும்வரை மாநாட்டு நாட்களில் உணவு கொள்வதில்லை என்று அவையிலேயே அறிவித்து, அவ்வாறே நோன்பிருந்தார்.

மறு ஆண்டு அவரும் தோழர்களும் மணிலாவிலிருந்து டக்ளோபான் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நடந்து, புயலின் முதலாண்டு நினைவு நாளில் அந்நகரை அடைந்தனர். 2015ஆம் ஆண்டு அரசுப் பதவியைத் துறந்த அவர், உரோமையிலிருந்து பாரீசுக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தொலைவைத் திருப்பயணிகளோடு கால்நடையாகவே கடந்தார்.

அந்த 2015ஆம் ஆண்டு திருச்சபைக்கும் மறக்க முடியாத ஆண்டு. சனவரி 17ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் டக்ளோபானுக்கு வந்தார். அன்றும் ஒரு புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. கொட்டும் மழையில், மக்கள் அணிந்திருந்த அதே மஞ்சள் நிற மழையங்கியைத் தாமும் அணிந்து அவர் திருப்பலி நிறைவேற்றினார். அதே மாதத்தில் பல நாடுகளின் கத்தோலிக்க அமைப்புகள் ஒன்றிணைந்து உலகக் கத்தோலிக்கக் காலநிலை இயக்கத்தைத் தோற்றுவித்தன. சூன் 18ஆம் நாள் 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல் வெளியாயிற்று. பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வேறு வேறல்ல என்பது அதன் உயிர்க்கருத்து.

பங்குகளிலும் பள்ளிகளிலும் கையொப்பங்கள் திரட்டப்பட்டன. கத்தோலிக்கர் மட்டுமே எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். பிற சபையினரும் சமயத்தாரும் திரட்டியவற்றோடு 17 இலட்சத்துக்கும் அதிகமான ஒப்பங்கள் பாரீசு மாநாட்டுப் பொறுப்பாளரிடம் அளிக்கப்பட்டன. ஆனால் நவம்பர் 13ஆம் நாள் அந்நகரில் நடந்த பயங்கரத் தாக்குதலில் 130 பேர் கொல்லப்பட்டிருந்ததால், மாநாட்டுக்கு முன் நடைபெறவிருந்த பேரணிக்கு அரசு தடை விதித்தது. மக்கள் நடக்க இயலாவிடில் என்ன? ஆயிரமாயிரம் காலணிகளைக் குடியரசுச் சதுக்கத்தில் வரிசையாக வைத்தனர். அவற்றினிடையே திருத்தந்தை அனுப்பிய காலணிகளும் இருந்தன.

டிசம்பர் 12ஆம் நாள் உலக நாடுகள் உடன்படிக்கைக்கு இசைந்தன. வெப்ப உயர்வை 2 பாகைக்கும் வெகுவாகக் கீழே நிறுத்துவது, 1.5 பாகைக்குள் அடக்க முயல்வது என்று அதில் எழுதப்பட்டது. அந்த 1.5 என்னும் எண்ணைத்தான் சிறு தீவு நாடுகளும், கையொப்பமிட்ட கத்தோலிக்க மக்களும் கேட்டிருந்தனர்.

காட்டில் விழுந்த விதை

இக்குரல் யோலாண்டாவோடு பிறந்ததன்று. 1988ஆம் ஆண்டு சனவரியிலேயே பிலிப்பைன்ஸ் ஆயர்கள் தம் நாட்டின் காடும் கடலும் அழிவதைக் குறித்துச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டனர். இயற்கையின் அழிவைப் பற்றி மட்டுமே ஆயர் பேரவை ஒன்று எழுதிய முற்கால மடல்களுள் அது தலையாயது.

மடல் எழுதுவது எளிது. அதன்படி வாழ்வது எளிதன்று. மிந்தனாவோ தீவின் புக்கித்னோன் மாநிலத்தில் நெரி சாத்தூர் என்னும் இளங்குரு அரசின் அனுமதியோடு வனக்காவல் பொறுப்பை ஏற்றார். சட்டத்துக்குப் புறம்பாக வெட்டப்பட்ட மரங்களைப் பறிமுதல் செய்தார். 1991ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், திருப்பலி நிறைவேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அவர் கொல்லப்பட்டார். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தது.

நிலக்கரியும் கரும்புத் தீவும்

வெளிநாட்டு மாநாடுகளில் பேசினால் போதாது, உள்நாட்டு அரசின் கதவையும் தட்ட வேண்டும் என்பதைப் பிலிப்பைன்ஸ் திருச்சபை உணர்ந்திருந்தது. 2016ஆம் ஆண்டு மே மாதம் பத்தங்காஸ் நகரில் எழவிருந்த நிலக்கரி மின்நிலையத்தை எதிர்த்துப் பேராயரோடு ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த அதிபர் துதெர்த்தே, பாரீசு உடன்படிக்கையை ஏற்கப் போவதில்லை என்று முதலில் அறிவித்தார். பின்னர் மனம் மாறி 2017இல் ஒப்பமிட்டார்.

நெக்ரோஸ் தீவு கரும்புக்குப் பேர்போனது. அங்கே சான் கார்லோஸ் நகரில் 300 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. அம்மறைமாவட்டத்தின் ஆயர் ஜெரார்டோ அல்மினாசாவும் இளைஞரும் குருக்களும் கன்னியரும் அதை எதிர்த்தனர். "மின்சாரம் வேண்டாமா? வேலை வேண்டாமா?" என்ற கேள்வி எழாமல் இல்லை. மின்விளக்கில்லாக் குடிசையில் வாழும் ஏழையிடம் காலநிலையைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம்! ஆனால் அத்தீவுக்கு வேறு வழி இருந்தது. நாட்டின் முதற் பெரும் சூரிய ஒளி மின்நிலையங்களுள் ஒன்று அதே சான் கார்லோசில்தான் 2014இல் எழுந்தது. கரும்புச் சக்கையை எரித்தும், தீவின் தென்பகுதியில் நிலத்தடி வெப்பத்தைக் கொண்டும் மின்சாரம் எடுக்கப்படுகிறது. நிலக்கரியோ பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து விலை கொடுத்து வாங்கப்படுவது. ஆகவே ஆயர் கேட்டது இருளையன்று, வேறொரு விளக்கை.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் மேற்கு நெக்ரோஸ் மாநில ஆளுநர், தம் மாநிலத்தை நிலக்கரியற்ற மாநிலமாக அறிவித்து ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டு சூலையில் ஆயர் பேரவை காலநிலை நெருக்கடியைக் குறித்து மீண்டும் மடல் எழுதியது. 2020 அக்டோபரில் நடுவண் அரசு, புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்கு இனி ஒப்புதல் இல்லை என்று அறிவித்தது. இது திருச்சபை ஒன்றின் வெற்றி மட்டுமன்று. உழவர், மீனவர், மாணவர், அறிஞர் எனப் பலர் தட்டிய கதவு அது.

வெற்றி முழுமையானதா? இல்லை. முன்பே ஒப்புதல் பெற்ற நிலையங்களை அவ்வாணை தொடவில்லை. 2023இலும் நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. உலகமோ 2024ஆம் ஆண்டில், ஓர் ஆண்டின் சராசரியாக, 1.5 பாகை என்னும் எல்லையை முதன்முறையாகத் தாண்டிவிட்டது. கைம்பெண் இன்னும் வாயிலில்தான் நிற்கிறாள்.

கோவிலுக்கு இதில் என்ன வேலை?

'குருக்கள் பூசையைப் பார்க்கட்டும், ஆட்சியை ஆட்சியாளர் பார்க்கட்டும்' என்போர் எங்கும் உண்டு. கட்சி அரசியலில் திருச்சபை இறங்குதல் தகாது என்பது சரியே. ஆனால் பசித்தவருக்குச் சோறிடுவது திருச்சபையின் கடமை என்றால், பசியை உண்டாக்கும் அநீதியைத் தடுக்கச் சொல்வது எப்படிக் குற்றமாகும்? ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் அரிசியும் போர்வையும் வழங்கியவர்கள், அடுத்த புயல் இத்தனை கொடிதாக வராதிருக்க வழி கேட்பது பிறரன்பின் மறு பக்கமன்றோ? ஒரு குடும்பம் விளக்கைச் சிக்கனமாக எரிக்கலாம், மரம் நடலாம், அவை நற்செயல்களே. ஆனால் மின்நிலையம் எதில் ஓட வேண்டும் என்பதைக் குடும்பம் தீர்மானிப்பதில்லை, அரசே தீர்மானிக்கிறது. ஆகவேதான் அரசிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பவனின் கையும் தூய்மையாக இருக்க வேண்டும். இதையும் பிலிப்பைன்ஸ் ஆயர்கள் மறக்கவில்லை. 2022 சனவரியில் வெளியிட்ட மடலில், இயற்கையைச் சுரண்டும் தொழில்களிடமிருந்து நன்கொடை பெறுவதில்லை என்றும், அத்தகைய தொழில்களுக்குக் கடன் தரும் வங்கிகளில் திருச்சபையின் பணம் இருக்கலாகாது என்றும் முடிவு செய்தனர். கோவில் கட்ட வரும் பணத்தை வேண்டாம் என்பது எத்தகைய துணிவு என்பதைப் பங்குப் பேரவையில் அமர்ந்து கணக்குப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

2022ஆம் ஆண்டு எகிப்தில் கூடிய மாநாட்டில், காலநிலைப் பேரிடர்களால் இழப்புற்ற ஏழை நாடுகளுக்கென நிதியம் அமைக்க உலகம் ஒப்புக்கொண்டது. அந்நிதியத்தின் ஆட்சிக்குழுவுக்கு இடமளிக்கும் நாடாக 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்டது எது தெரியுமா? பிலிப்பைன்ஸ்தான். நிதியத்தில் சேர்ந்துள்ள பணம் தேவைக்கு மிகக் குறைவே. ஆயினும், நீதி கேட்டுக் கண்ணீர் வடித்த நாட்டின் குரல் காற்றோடு போய்விடவில்லை.

அன்பார்ந்த குடும்பங்களே, உவமையின் இறுதியில் ஆண்டவர் ஒரு கேள்வி கேட்கிறார்: மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரோ என்று. மாலைச் செபமாலையின்போது கடலோர மக்களை நினைத்து ஒரு மணியேனும் உருட்டுவோம். அதோடு நில்லாமல், வாக்குக் கேட்டு வருவோரிடம், "எங்கள் பிள்ளைகள் வாழப்போகும் பூமிக்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒரு கேள்வியும் கேட்போம். முதல் முறை பதில் வராது. இரண்டாம் முறையும் வராதிருக்கலாம். கைம்பெண் இரண்டு முறையோடு வீடு திரும்பியிருந்தால், அவளைப் பற்றி நாம் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.