கையைவிடக் கண்ணே முக்கியம்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி?

மும்பையில் 2023 அக்டோபரில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்க்க ஒப்புதல் அளித்தது. அதே பட்டியலில் இந்திய ரசிகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஃபிளாக் ஃபுட்பாலும் இடம்பெற்றது. அமெரிக்கக் கால்பந்தின் மோதல் இல்லாத, அணிக்கு ஐவர் மட்டுமே ஆடும் வடிவம் அது. மூல ஆட்டத்தில் அணிக்கு 11 பேர். பெயர் கால்பந்து என்றாலும், பந்து பெரும்பாலான நேரம் கையில்தான் இருக்கும். இரு வடிவங்களிலும் ஆட்டம் சுழல்வது ஒரே வீரரைச் சுற்றித்தான். பந்தைப் பெற்று, யாருக்கு எறிவது என்று நொடிகளில் முடிவெடுக்கும் அவரே குவார்ட்டர்பேக்.

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், டிராஃப்ட் எனப்படும் வீரர் தேர்வை ஆண்டுதோறும் நடத்துகிறது. முந்தைய சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பில் தவறான குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தால், அணி மீண்டெழப் பல ஆண்டுகள் ஆகும். 1998-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் முதலாவதாகப் பெய்ட்டன் மேனிங்கையும், சான் டியேகோ சார்ஜர்ஸ் இரண்டாவதாக ரயன் லீஃபையும் தேர்ந்தெடுத்தன. இருவரில் யார் சிறந்தவர் என்று அப்போது உண்மையாகவே விவாதம் நடந்தது. மேனிங் ஐந்து முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும், இரு வெவ்வேறு அணிகளுக்காக சூப்பர் பவுல் கோப்பையையும் வென்றார். லீஃப் சில ஆண்டுகளிலேயே ஆட்டத்திலிருந்து விலகினார். சார்ஜர்ஸ் அணி 2000-ஆம் ஆண்டு சீசனின் 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் ஆண்டில் எதிரணியிடம் அதிகம் பந்தைப் பறிகொடுத்தவர் மேனிங்தான். அவரது 28 பாஸ்களை எதிரணியினர் இடைமறித்துப் பிடித்தனர்; லீஃபின் கணக்கில் 15. ஆனால் மேனிங் 26 டச்டவுன் பாஸ்களும் எறிந்தார். லீஃப் எறிந்தவை இரண்டு. ஒற்றை எண்ணை வைத்து குவார்ட்டர்பேக்கை எடைபோடுபவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

பார்வை எங்கே இருக்கிறது?

தேர்வாளர்கள் தொலைக்காட்சி ஒளிபரப்பை நம்புவதில்லை. அதில் பின்களத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் பெரும்பாலும் திரைக்கு வெளியே போய்விடுவர். அதனால் 22 வீரர்களும் தெரியுமாறு உயரத்திலிருந்து எடுக்கப்பட்ட காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். முதலில் கவனிப்பது குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட் திரும்பும் திசையை.

ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் சேஃப்டி எனப்படும் கடைசித் தடுப்பாளர்களைப் பார்த்தாக வேண்டும். பின்களத்தின் நடுவே ஒருவர் நிற்கிறாரா, இரு பக்கமும் இருவர் நிற்கிறார்களா என்பதைப் பொறுத்து எந்த இடம் காலியாகும் என்று ஊகிக்கலாம். நல்ல தடுப்பணி இதையும் மறைக்கும்: இருவராக நின்று, பந்து நகர்ந்ததும் ஒருவராக மாறும். அந்த மாற்றத்தைக் கண்டு முதல் திட்டத்தைக் கைவிடத் தெரிய வேண்டும். சுழற்பந்து வீச்சாளரின் மணிக்கட்டைப் பார்த்தே கூக்ளியை அறியும் பேட்டருக்கும், பந்து தரையில் பட்டுத் திரும்பிய பின் அறிபவருக்கும் உள்ள வேறுபாடே இங்கும்.

அதன்பின் முதல் ரிசீவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று பார்வை வரிசையாக நகர வேண்டும். இதற்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் மூன்று நொடிகள். தொடக்கம் முதல் ஒருவரையே உற்று நோக்கி அவருக்கே எறியும் பழக்கம் கல்லூரி வீரர்களிடம் சாதாரணம். தடுப்பாளர்கள் பந்தைப் பார்ப்பதில்லை, எறிபவரின் கண்ணையே பார்க்கிறார்கள். தேர்ந்தவர் இடப்புறம் பார்த்துத் தடுப்பாளரை அங்கே இழுத்து, வலப்புறம் எறிவார்.

கண்ணுக்குச் சாட்சி கால். பார்வை அடுத்த ரிசீவருக்கு மாறும்போது பாதங்களும் அந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கை மட்டும் உடலுக்குக் குறுக்கே வீசும். பந்து உயர்ந்துபோகும் அல்லது பின்தங்கும். ரிசீவர் திரும்பிப் பார்க்கும் முன்பே பந்து கையை விட்டுப் புறப்படுகிறதா என்பதும் முக்கியம். ரிசீவர் காலியாக நிற்பதைக் கண்ட பிறகே எறிபவருக்குக் கல்லூரியில் வேலை நடக்கும். தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடைவெளி அதற்குள் மூடிவிடும்.

யாருடைய கண்?

கல்லூரிக் காணொளியில் இன்னொரு சிக்கல் உண்டு. வியூகத்தைப் படித்தவர் ஆட்டக்காரரா, பயிற்சியாளரா என்பது எளிதில் தெரியாது. பல கல்லூரி அணிகளில், தடுப்பணி நின்றதும் வீரர்கள் அனைவரும் எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். பயிற்சியாளர்கள் அங்கிருந்து சைகையால் புதிய திட்டத்தைச் சொல்வார்கள். 2024 முதல் உயர்நிலைக் கல்லூரிப் பிரிவில் ஹெல்மெட்டுக்குள் வானொலி வழியாகவே பேச அனுமதி உண்டு. ஆனால் ஆட்டக் கடிகாரத்தில் 15 நொடிகள் மீதமிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். அதன்பின் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் தேர்வாளர்களுக்கு வேண்டியது.

விதிகளும் கல்லூரி வீரருக்குச் சாதகமானவை. ஒரே ஒரு தடுப்பாளரின் அசைவைப் பார்த்து, ஓட விடுவதா, எறிவதா என்று தீர்மானிக்கும் உத்தி அங்கே மிகப் பரவலானது. அத்தகைய ஆட்டத்தில் முன்வரிசை வீரர்கள் 3 யார்டு வரை முன்னேறலாம். என்எஃப்எல்லில் 1 யார்டு மட்டுமே. அதனால் ஓட்டமா, பாஸா என்று கல்லூரித் தடுப்பாளர் குழம்பும் நேரம் அதிகம். இத்தகைய எளிய, குறுந்தூரப் பாஸ்கள் குவிந்தால் வெற்றிச் சதவீதம் தானாக உயரும். எனவே தூரம், நெருக்கடி, கட்டாயமாக எறிய வேண்டிய தருணம் என்று பிரித்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

பர்ரோ, ஆலன்: இரு பாடங்கள்

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோ பர்ரோ 2018-இல் 57.8 சதவீதப் பாஸ்களையே சரியாகச் சேர்த்தார், 16 டச்டவுன்கள். அடுத்த ஆண்டு 76.3 சதவீதம், 60 டச்டவுன்கள். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஜோ பிராடி, ஐந்து பேரையும் களமெங்கும் பரப்பி நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிப் பரவி நின்றால் தடுப்பணியால் தன் திட்டத்தை எளிதில் மறைக்க முடியாது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது திறந்த புத்தகம். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற இரு மிகச் சிறந்த ரிசீவர்களும் இருந்தனர். பெருமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. ஆனால் 2018 காணொளியிலேயே விடைக்கான தடயம் இருந்தது: சுமாரான அந்த ஆண்டிலும் அவர் இடைமறிப்புக்குக் கொடுத்தவை ஐந்துதான். 2020-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது.

வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜோஷ் ஆலன் கதை வேறு. அபாரமான கைவலிமை; ஆனால் கல்லூரியில் மொத்தம் 56.2 சதவீதமே. 2018-இல் ஏழாவது இடத்தில் அவரை எடுத்த பஃபலோ பில்ஸைப் பலர் குறை கூறினர். முதல் ஆண்டில் 52.8 சதவீதம் என்று அவர்கள் சொன்னதே நடந்தது. ஆலன் கால் நிலையையும் எறியும் முறையையும் ஓய்வு மாதங்களில் திருத்திக்கொண்டார். 2020-இல் அது 69.2 ஆனது. 2024 சீசனுக்கான மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. குறையைக் கண்டவர்கள் தவறவில்லை. அது திருத்தக்கூடிய குறை என்பதைக் காணத்தான் தவறினர்.

எழுத்துத் தேர்வுகளும் பெரிதாக உதவியதில்லை. 12 நிமிடங்களில் 50 வினாக்களுக்கு விடையளிக்கும் வொண்டர்லிக் தேர்வை வீரர் தேர்வு முகாமிலிருந்து என்எஃப்எல் 2022-இல் கைவிட்டது. இன்றும் அணிகள் அதிகம் நம்புவது பழைய முறையைத்தான். இளைஞரை அறையில் அமரவைத்து ஒரு புதிய ஆட்டத் திட்டத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள். பிறகு ஊர், குடும்பம், பள்ளிப் பருவம் என்று வேறு பேச்சு ஓடும். நேரம் கழித்து, கரும்பலகையைக் காட்டி, அந்தத் திட்டத்தையும் அதற்கு எதிராக நிற்கும் 11 தடுப்பாளர்களையும் நினைவிலிருந்து வரையச் சொல்வார்கள்.