உங்களுக்குத் தெரியுமா? சர்வர் தானாக முடிவு செய்பவை

காலை 9 மணிக்குப் போக வேண்டிய தினசரி அறிக்கை மாலை 6.30க்குப் போகிறதா? பழுது ஒன்றும் இல்லை. ‘என்8என்’ என்கிற பணியோட்டத் தானியங்கி மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவினால், நேர மண்டலத்தை நாம் சொல்லாதவரை அது நியூயார்க் கடிகாரத்தைத்தான் பார்க்கும். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அப்போது அதே அறிக்கை நமக்கு 7.30க்கு வந்து சேரும். இத்தனைக்கும் இது அமெரிக்கச் சரக்குகூட இல்லை. 2019இல் பெர்லினில் யான் ஓபர்ஹவுசர் தொடங்கியது. சர்வரைக் கிளப்புவதற்கு முன் ‘ஜெனரிக் டைம்ஸோன்’ என்ற சூழல் மாறிக்கு ‘ஏசியா/கொல்கத்தா’ என்றோ ‘ஏசியா/கொழும்பு’ என்றோ மதிப்புக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

கட்டளை வரியில் சர்வரை அமைக்கும்போது நாம் தட்டியது சொதப்பினால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். சிவப்பு எழுத்தில் கத்தும். தட்டாமல் விட்டது கத்தாது. அதற்கு ஒரு டீஃபால்ட் இருக்கும். அது பேசாமல் வேலையைத் தொடங்கிவிடும். இந்த வாரத் துணுக்குகளில் பாதி அந்த ரகம்தான்.

என்8என் முதல்முறை ஓடும்போதே ஒரு என்கிரிப்ஷன் சாவியைத் தானே உருவாக்கி, ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் தன் கோப்புறையில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஜிமெயில், வங்கி, டெலிகிராம் என்று நீங்கள் இணைக்கும் கணக்குகளின் ரகசியங்கள் எல்லாம் அந்தச் சாவியால் பூட்டப்பட்டே டேட்டாபேஸுக்குள் போகின்றன. டாக்கரில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்தக் கோப்புறைக்கென்று தனி வால்யூம் கொடுக்காமல் கன்டெய்னரை அழித்து, புதிய பதிப்பில் மறுபடி எழுப்பினால் புதுச் சாவி பிறக்கும். டேட்டாபேஸ் வேறிடத்தில் பத்திரமாக இருந்தாலும் பழைய ரகசியங்களை இனி யாராலும் திறக்க முடியாது. ஒவ்வொரு கணக்கையும் புதிதாக இணைக்க வேண்டியதுதான். சாவியை முதல் நாளே நாமே தேர்ந்து சூழல் மாறியாகக் கொடுத்து, அதன் நகலை வேறோர் இடத்தில் வைப்பதே புத்திசாலித்தனம். என்னைக் கேட்டால், நிறுவும் வழிகாட்டியின் முதல் வரியில் இருக்க வேண்டிய விஷயம் இது.

அதே மென்பொருளில் எல்லாப் பணியோட்டங்களையும் ஒரே கட்டளையில் ஏற்றுமதி செய்யலாம், ரகசியங்களையும்தான். ஆனால் ‘டிகிரிப்டட்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாக ஃபைலில் வந்து விழும். இன்னொன்று: இறக்குமதி செய்யும்போது அடையாள எண் ஒன்றாக இருந்தால், பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும்.

என்8என்னில் ஓடிய வேலைகளின் வரலாறு எத்தனை நாள் தங்கும்? டீஃபால்டாக அதிகபட்சம் 14 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும்.

பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டுவது எவ்வளவு ஆபத்து என்று தெரியுமா? லினக்ஸில் பொதுவாக, அந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்வரை அதே கணினியில் உள்ள வேறு பயனர் ‘பிஎஸ்’ என்று தட்டினாலே முழு வரியும் அவர் கண்ணில் படும். ஓடி முடிந்த பிறகும் ஷெல்லின் ஹிஸ்டரியில் கிடக்கும். என்8என்னில் பல சூழல் மாறிகளின் பெயர்க் கடைசியில் ‘_ஃபைல்’ என்று ஒட்டினால், மதிப்புக்குப் பதில் ஃபைலின் முகவரியைக் கொடுக்கலாம். ரகசியம் அந்த ஃபைலுக்குள் இருக்கும். ஃபைலை யார் படிக்கலாம் என்பது நம் கையில்.

ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் 2014இல் பிறந்த ‘ஏர்ஃப்ளோ’ என்ற பணியோட்ட மென்பொருளுக்கு வேறொரு குணம் இருந்தது. தினமும் ஓட வேண்டிய வேலைக்குத் தொடக்கத் தேதியை ஓர் ஆண்டு முன்னதாகக் குறித்துவிட்டு இயக்கினால், விட்டுப்போன 365 நாள் வேலையையும் எடுத்துச் செய்யத் தொடங்கிவிடும். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலையாக இருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு, 2025இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இந்தப் பழக்கத்தை டீஃபால்டாக நிறுத்தினார்கள்.

இவற்றுக்கெல்லாம் பாட்டன், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் ‘கிரான்’. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் ஓடட்டும் என்று நினைத்துத் தேதிக் கட்டத்தில் 13, கிழமைக் கட்டத்தில் 5 போட்டால் என்ன ஆகும்? எல்லா 13ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளிக்கிழமையும் ஓடும். இரண்டு கட்டத்தையும் நிரப்பினால் ‘இதுவும் அதுவும்’ அல்ல, ‘இதுவோ அதுவோ’ என்றே கிரான் எடுத்துக்கொள்ளும். கட்டளைக்குள் % குறி வந்தால் அதைப் புது வரி என்று நினைத்துக்கொள்ளும். தேதியோடு பேக்கப் ஃபைலுக்குப் பெயர் சூட்டப் போனவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் போதும்.

‘ஜென்கின்ஸ்’ என்ற தானியங்கி மென்பொருளின் அட்டவணையில் ‘@மிட்நைட்’ என்று எழுதினால் நள்ளிரவு 12க்கு ஓடாது. 12 முதல் 2.59 வரை ஏதோ ஒரு நேரத்தில் ஓடும். இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. நூறு வேலைகளையும் எல்லாரும் சரியாக 12 மணிக்கு வைத்தால் சர்வர் அப்போது திணறி, மிச்ச நேரமெல்லாம் சும்மா இருக்கும். அதனால் வேலையின் பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டு ஆளுக்கொரு நிமிடம் ஒதுக்குகிறது. பெயரை மாற்றாதவரை தினமும் அதே நிமிடம்தான். நம் அட்டவணையில் எண்ணுக்குப் பதில் ‘ஹெச்’ என்று போட்டாலும் இதே சலுகை கிடைக்கும்.

2004இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி ‘ஹட்சன்’ என்று தொடங்கி, ஆரக்கிளுடன் வந்த தகராறில் 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய மென்பொருள் அது. 2024 ஜனவரியில் அதன் கட்டளை வரிக் கருவியில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. கட்டளையில் @ போட்டு ஒரு ஃபைலின் முகவரியை எழுதினால், சர்வர் அந்த ஃபைலைத் திறந்து உள்ளே இருப்பதை அங்கே நிரப்பும். பிறகு ‘இப்படி ஒரு கட்டளை இல்லையே’ என்று பிழைச் செய்தியில் அதையே திருப்பிக் காட்டும்! எந்த அனுமதியும் இல்லாதவருக்கே முதல் சில வரிகள் கிடைத்தன. படிக்கும் அனுமதி உள்ளவருக்கு முழு ஃபைலும். ஜென்கின்ஸ்காரர்கள் யாரும் இதை உட்கார்ந்து எழுதவில்லை. கட்டளைகளைப் பிரித்துப் படிக்க அவர்கள் எடுத்தாண்ட ‘ஆர்க்ஸ்4ஜே’ என்ற நூலகத்தில் @ வசதி டீஃபால்டாகவே திறந்திருந்தது. 2.442 பதிப்பில் அடைத்தார்கள்.

ஜென்கின்ஸை ஜாவா கட்டளையால் நேரடியாகக் கிளப்பும்போது ‘-டி’ என்று தொடங்கும் ஜாவா அமைப்புகள் ‘-ஜார்’ என்பதற்கு முன்னால் வர வேண்டும். போர்ட் எண் போன்றவை ஃபைல் பெயருக்குப் பின்னால். இடம் மாறினால் ‘-டி’ அமைப்பு ஜாவாவின் காதுக்கே எட்டாது.

கிரான் பட்டியலைத் திருத்த ‘கிரான்டேப் -ஈ’. மொத்தமாக அழிக்க ‘கிரான்டேப் -ஆர்’. விசைப்பலகையில் ஈயும் ஆரும் பக்கத்துப் பக்கத்தில். அழிக்கும்முன் ‘நிச்சயமா?’ என்ற கேள்வியும் கிடையாது; வேண்டுமென்றால் ‘-ஐ’ சேர்க்க வேண்டும். கை வைப்பதற்கு முன் ‘கிரான்டேப் -எல்’ தரும் பட்டியலை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் நகல் தயார்.