பேசி முடித்த வீடு கைநழுவும்போது

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்பது நம்மவர் பழமொழி. இங்கிலாந்தில் குடியேறி வாழும் நம் பிள்ளைகளைக் கேட்டால், ‘வீட்டை வாங்கிப் பார்’ என்று அதைத் திருத்திச் சொல்வார்கள். விலை பேசி, விற்பவர் மனமொப்பி, உற்றார் உறவினர்க்கெல்லாம் நற்செய்தி சொன்ன பிறகு, ‘வேறொருவர் கூடுதல் விலை தர முன்வந்துவிட்டார், வீடு அவருக்கே’ என்று தரகர் அறிவிக்கும் துயரம் அங்கே பலருக்கு நேர்கிறது. இதற்கென்றே ‘கஸம்பிங்’ என்றொரு சொல்லை ஆங்கிலேயர் வழங்குகின்றனர். ஏமாற்றுதல் என்னும் பொருளில் கொச்சை வழக்காக இருந்த அச்சொல், வீட்டு விலைகள் விரைந்தேறிய 1970-களின் தொடக்கத்தில் இப்பொருளில் நாடெங்கும் பரவிற்று.

ஒப்புக்கொண்ட பின் மறுப்பது குற்றமாகாதா என்று நாம் வியக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது சட்டப்படி குற்றமன்று. நிலமோ வீடோ விற்பதற்கான ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, நிபந்தனைகள் அனைத்தையும் உள்ளடக்கி, இரு தரப்பாரும் கையொப்பமிட்டதாக இருத்தல் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. எழுத்தின்றி நில ஒப்பந்தத்தை நிலைநாட்ட இயலாது என்னும் கருத்து 1677-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே விலை ஒப்புக்கொள்ளப்படும்போது, ‘ஒப்பந்தத்திற்கு உட்பட்டு’ என்ற சொற்றொடரைச் சேர்த்தே கடிதம் எழுதுகின்றனர். இரு தரப்பு வழக்கறிஞர்களும் கையொப்பமிட்ட பத்திரங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாளில்தான் ஒப்பந்தம் பிறக்கிறது. வழக்கமாக விலையில் பத்து விழுக்காடு முன்பணமாகக் கைமாறுவதும் அன்றுதான். அதுவரை விற்பவரும் விலகலாம், வாங்குபவரும் விலகலாம்.

விலை பேசிய நாளுக்கும் பத்திரம் பரிமாறும் நாளுக்கும் இடையே பல வாரங்கள், பெரும்பாலும் சில மாதங்களே கழிகின்றன. அந்த இடைவெளியில்தான் வாங்குபவர் செலவு செய்கிறார். கட்டடத்தின் உறுதியை ஆராயும் நிபுணருக்குக் கட்டணம், உள்ளாட்சி ஆவணங்களைத் தேடிப் பார்க்கக் கட்டணம், கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டுக்குக் கட்டணம், வழக்கறிஞருக்குக் கட்டணம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் கரைகிறது. வீடு கைநழுவினால் இவற்றுள் பெரும்பகுதி திரும்பி வராது. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. இந்த அறை எனக்கு என்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடு அது. புதிய பள்ளிக்கு நடக்கும் தூரத்தைத் தாய் கணக்கிட்டு வைத்த வீடு அது. அதனை இழந்த குடும்பத்தில், ‘அன்றே கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கலாமே’ என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குறைகூறத் தொடங்குவது இயல்பே. இழப்பு இருவருக்கும் பொது என்பதை முதலில் உணர்தல் நன்று.

செய்தி வந்த அன்று செய்யத்தக்கவை எவை? முதலாவதாக, அன்றே மறுவிலை கூறிவிடாதீர்கள். தரகர் விற்பவருக்காக உழைப்பவர். பத்திரம் பரிமாறும்வரை வரும் விலைகளை உடனுக்குடன் விற்பவருக்குத் தெரிவிப்பது, அவர் வேண்டாமென்று சொன்னாலன்றி, அவருடைய கடமை. ஆகவே தரகர்மேல் சினங்கொண்டு பயனில்லை. புதிய விலை வந்திருப்பது உண்மைதானா, விற்பவர் முடிவெடுத்துவிட்டாரா, எத்துணை நாள் அவகாசம் உண்டு என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவதாக, வீட்டிலமர்ந்து ஓர் உச்ச வரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி கடன் தருவது தன் மதிப்பீட்டின் மேல்தான். அதற்கு மேற்பட்டுக் கூட்டித் தரும் ஒவ்வொரு பவுனும் நம் சேமிப்பிலிருந்தே போகவேண்டும். போட்டியின் வேகத்தில் கூட்டிய தொகை, ஆண்டுக்கணக்கில் மாதத் தவணையாக நம்மைத் தொடரும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவதாக, விலை ஒன்றே நம் பலம் அன்று. அங்கே வீடு விற்பவர் பெரும்பாலும் வேறொரு வீடு வாங்குபவராகவும் இருக்கிறார். அவ்வீட்டுக்காரர் இன்னொன்றை வாங்குகிறார். இப்படிச் சங்கிலியாகக் கோத்த பல குடும்பங்களுள் ஒன்று விலகினாலும் அனைவரும் நிற்கவேண்டியதாகிறது. விற்க வேண்டிய வீடு ஏதுமில்லாத முதல் வீட்டுக்காரர், வங்கியின் ஒப்புதல் கைவசமுடையவர், விற்பவர் விரும்பும் நாளில் குடிபுக இசைபவர் ஆகியோர் சிறிது குறைந்த விலையிலும் விற்பவருக்கு நம்பத்தகுந்தவரே. இதைத் தரகர் வழியாகத் தெளிவாக எடுத்துரையுங்கள்.

நான்காவதாக, வீடு போய்விட்டதென்று உறுதியானால் அன்றே வழக்கறிஞருக்கும் வங்கிக்கும் தெரிவித்து, நடைபெறும் பணிகளை நிறுத்துங்கள். மேலும் செலவு ஏறாதிருக்கும். கடன் விண்ணப்பத்தை வேறொரு வீட்டுக்கு மாற்றித் தரும் வங்கிகளும் உண்டு. பெயரையும் முகவரியையும் தரகரிடம் விட்டுவையுங்கள். கூடுதல் விலை சொன்னவருக்குக் கடன் கிட்டாமற்போய், விற்பவர் மீண்டும் பழையவரைத் தேடி வருவதும் உண்டு.

வருமுன் காக்கும் வழிகளும் சில உள. விலை ஒப்புக்கொள்ளப்பட்டதும், விளம்பரத்தை எடுத்துவிடும்படி விற்பவரைக் கேட்கலாம். குறித்த நாட்களுக்கு வேறெவரிடமும் பேரம் பேசுவதில்லை என்று அவரிடம் எழுத்தில் உறுதி பெறலாம். சஃபோக் பகுதியில் ஒரு சிறு வீட்டை வாங்க முனைந்தவர், இரண்டு வாரத்திற்குள் பத்திரம் பரிமாறத் தாம் இசைந்தமையால் இத்தகைய உறுதியைப் பெற்றிருந்தார். விற்பவர் அதை மீறி வேறொருவருக்கு விற்றபோது, அவ்வுறுதி விற்பவரைக் கட்டுப்படுத்தும் என்று 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டைப் பெற்றுத் தராவிடினும் இழப்பீட்டைப் பெற்றுத் தரும் உறுதி இது. வாங்குபவரின் செலவுகளை ஈடுசெய்யும் காப்பீடும் உண்டு. ஆனால் அதனைத் தொடக்கத்திலேயே எடுத்தல் வேண்டும்.

அரசும் வாளாவிருக்கவில்லை. வீட்டைப் பற்றிய விவரங்களை விற்பவரே முன்கூட்டித் திரட்டித் தரவேண்டும் என்னும் திட்டம் 2007-இல் கொண்டுவரப்பட்டு, 2010-இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஸ்காட்லாந்திலோ நிலை வேறு. வழக்கறிஞர்கள் எழுதிக்கொள்ளும் கடிதங்களாலேயே அங்கே ஒப்பந்தம் நிறைவெய்துகிறது. ஒருவரின் விலையை ஏற்றுக்கொண்டபின் விற்பவர் வேறொருவரின் உயர்ந்த விலைக்கு ஆசைப்பட்டால், அவருடைய வழக்கறிஞர் அவ்வலுவலிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள வழக்கறிஞர் கழகத்தின் நெறி. ஆகவே இத்துயரம் அங்கே அரிதாகவே நிகழ்கிறது.

நம் நாட்டு வாசகருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அச்சாரம் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக உறங்குவோர் நம்மிடையே பலர். கிரய ஒப்பந்தம் எழுதியபின் விற்பவர் மறுத்தால், கிரயம் செய்து தரும்படி நீதிமன்றத்தில் வழக்கிட 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. 2018-இல் செய்த திருத்தம் அவ்வுரிமையை மேலும் வலுப்படுத்தியது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இத்தகைய ஒப்பந்தங்களைப் பதிவுசெய்தல் கட்டாயம். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியுமாதலால், பிறகு வாங்க வருவோரும் அதை அறிந்துகொள்வர். வாய்ச்சொல்லையும் அச்சாரத்தையும் மட்டும் நம்பியிருப்பவருக்கு, கொடுத்ததை மெய்ப்பிப்பதே பெரும்பாடாகிவிடும்.

இறுதியாக விற்போருக்கும் ஒரு சொல். சட்டம் அனுமதிக்கும் செயலெல்லாம் முறையான செயலாகிவிடாது. கூடுதல் பணம் தேவைப்படும் இடுக்கண் விற்பவருக்கும் இருக்கலாம்; அப்படியாயின், முதலில் பேசியவரை அழைத்து நிலையை விளக்கி, அவருக்கு ஒரு வாய்ப்பளிப்பதேனும் முறை. வேறிடத்தில் விற்கத் துணிந்தாலும், அவர் அதுவரை செய்த செலவைத் தந்துவிட எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இன்று விற்பவர் நாளை மற்றொருவர் வாசலில் விலை பேசி நிற்கப்போகிறவர்தாம். அங்கே தமக்குக் கொடுக்கப்படும் சொல் நிலைக்கவேண்டும் என்று விரும்புகிறவர், இங்கே தாம் கொடுத்த சொல்லைக் காத்தல் வேண்டும்.